எழுபத்தொரு வார்த்தைகள்

பரிமளா எதற்கும் தயங்கவில்லை.

"பூனைய புள்ள என்னன்னு சொல்லும்?"

"மியாக்குட்டி. வாலப் புடிச்சு வீட்டுக்குள்ள இழுத்துட்டு வந்துரும் மேடம்."

பேச்சுப் பயிற்சியாளர் இசைவாணி பட்டியலில் அதை எழுதி டிக் போட்டாள். கறம்பக்குடி பக்கத்து அங்கன்வாடியில் அன்று ஒன்பதாவது குழந்தை.

பரிமளாவின் மகன், இரண்டரை வயது நிலவழகன், பாயில் உட்கார்ந்து பொம்மை லாரியின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கூப்பிட்டும் வாய் திறக்கவில்லை. புது ஆள், கூச்சம் என்று இசைவாணி நினைத்தாள். இந்தச் சோதனையில் தாய் சொல்வதுதான் கணக்கு.

பட்டியலின் நூறு வார்த்தைகளில் குழந்தை பேசுவது ஐம்பதுக்குக் கீழே என்றால், புதுக்கோட்டையில் வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. மேலே என்றால் வீட்டுக்குப் போகலாம்.

நிலவழகனுக்கு எழுபத்தொன்று.

"சரியான வாயாடியா இருப்பான் போலயே. ஒங்களப் பேச விடுறானா?"

பரிமளா சிரித்தாள். பையனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்க வைக்க வெளியே போனாள்.

கதவோரம் நின்ற அவள் கணவன் வெற்றிச்செல்வன் மேசைக்கு வந்தான். குவைத்திலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது.

"மேடம், பையன் இன்னும் ஒரு வார்த்தையும் பேசலைங்க. அவ சொன்னதெல்லாம் மூத்தவ அன்புமொழி பேசுனது."

"மூத்த பொண்ணு வரலையா?"

"போன கார்த்திகையில மூளைக்காய்ச்சல்ல போயிட்டா. நாலு வயசு."

இசைவாணி தாளைப் பார்த்தாள்.

"பரிமளா பொய் சொல்லலைங்க. புள்ள என்ன பேசும்னு கேட்டா அவளுக்கு அதுதான் வருது."

டிக்குகளைக் கோடு போட்டு அடிக்க இசைவாணி பேனாவை எடுத்தாள். அவன் கை தாளின் மேல் விழுந்தது.

"அடிக்காதீங்க மேடம். வேற தாள்ல எழுதுங்க. இது எங்கிட்ட இருக்கட்டும். பாதி வார்த்தைய நானே இப்பத்தான் கேக்குறேன்."

அவள் கொடுத்தாள். அவன் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பரிமளா திரும்பி வந்தபோது மேசையில் புதுத் தாள் இருந்தது. பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இந்த முறை இசைவாணி பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"நிலவழகன் ஒங்கள அம்மான்னு கூப்பிடுறானா?"

பரிமளா அவன் மோவாயில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"இவன் இன்னும் கூப்பிடலைங்க."