சுரங்கத்துப் பொம்மை

"உங்களுக்குப் பின்னாலை இருக்கிறவள் ஆர்?"

வல்வெட்டித்துறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்ட சிவகௌரி, எடுத்த எடுப்பிலேயே கணவனைக் கேட்டாள்.

ஜெயரூபனுக்கு இங்கிலாந்தில் வேலை. பார்வையாளர் வந்து பார்க்கும் நூதனசாலையாகிவிட்ட பழைய ஈயச் சுரங்கமொன்றில், ஒருகாலத்தில் தண்ணீர் இறைத்த நீராவி எஞ்சினைத் துடைத்து எண்ணெய் விடுவான்.

"ஆரைக் கேக்கிறீர்?"

"உந்த வெள்ளைத் தொப்பிக்காரியைத்தான். போன கிழமையும் உங்களையே பாத்துக்கொண்டு இருந்தவள்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அது மெழுகுப் பொம்மையப்பா! அந்தக் காலத்திலை ஆம்பிளையள் சுரங்கத்துக்குள்ளை வெட்டின ஈயக்கல்லைப் பொம்பிளையள் மேலை இருந்து உடைச்சவையாம். அதைக் காட்டத்தான் வைச்சிருக்கினம். பொம்மையிலையும் உமக்கு எரிச்சலோ?"

சிவகௌரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"குறை நினைக்காதேங்கோ. நான் அனுப்பின பனங்கட்டி வந்ததோ?"

"ஓம், ஓலைக் குட்டானோடை அப்பிடியே மேசையிலை கிடக்கு. ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, நானே தின்னுறன்."

சொல்லிவிட்டு, எண்ணெய்ப் போத்தலை எடுக்கக் குனிந்தான்.

பின்னால் இருந்த மெழுகுப் பொம்மை மேசைக்குக் கைநீட்டி, ஓலைக் குட்டானை மெதுவாகப் பிரித்து, பனங்கட்டியை ஒரு கடி கடித்தது.