4162

செப்டம்பர் முழுக்க எங்கள் தீவின் கரையில் வலை கட்டி, தெற்கே போகும் குருவிகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டுவோம். இன்று என் கையிலிருந்த குருவியின் காலில் ஏற்கெனவே ஒரு வளையம், தேய்ந்து மெலிந்து கிடந்தது.

“4162” என்று படித்தேன்.

பதிவேட்டில் எண்களை எழுதும் எங்கள் நிலையத் தலைவர் ராய்மோ பேனாவை வைத்தார். “புளுகாத ஹில்கா. 4162 இன்னும் மாட்டாத வளையங்களோட என் கம்பியில புத்தம்புதுசா தொங்குது. திருட்டு வளையம் போட்டிருக்க. உன் உரிமத்தப் புடுங்காம விடமாட்டேன்.”

“கண்ணாடியப் போட்டு நீங்களே பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. “ஒரு எண்ணுக்கு ஒரு வளையம்தான்” என்று கம்பியிலிருந்து 4162ஐ உருவிக் கடலில் வீசினார்.

பிடியைத் தளர்த்தாமல் குனிந்தேன். குருவியின் காலில் வளையம் இல்லை. பல வருடம் உரசிய தழும்பு மட்டும் இருந்தது.