அந்தப் பாதி மார்க்

சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பாலை நகத்தால் கிளப்பி, இழுத்து, சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள் ஜீவராணி. ஒட்டுப்பால் இன்னும் அரைச் சாக்குகூட நிரம்பவில்லை.

"ஒரு கையெழுத்துத்தானே தங்கச்சி. போட்டுத் தந்தா நான் போயிருவேன்," என்றார் சாலி சேர். பல்கலைக்கழக ஆபீஸில் பதவி உயர்வுக்கு மார்க் கணக்குப் போடுகிறவர், இவளைத் தேடித் தோட்டத்து லயத்து வீட்டுக்கே வந்திருந்தார்.

"என்னன்னு எழுதியிருக்கு சேர்?"

ஆறாம் வகுப்போடு நின்றவள். வாசிக்கத் தெரியாது என்றில்லை. வெளி ஆள் முன்னால் எழுத்துக் கூட்ட வெட்கம்.

சாலி சேரே வாசித்தார். "ஹிமாயா மிஸ்ஸின் ஆராய்ச்சியில் நான் எந்த வேலையும் செய்யவில்லை. கட்டுரையிலிருந்து என் பெயரை நீக்கிவிடவும். அவ்வளவுதான்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் மருதாயி முறத்தைத் தட்டி வைத்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? வேலை ஆகுற வரைக்கும் ஜீவா ஜீவான்னு வந்துச்சு அந்த மிஸ். இப்ப புரொபசர் ஆகப் போகுது, தோட்டத்துக்காரி பேரு கசக்குது. போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாருடி!"

ஜீவராணி கையிலிருந்த சிரட்டையைப் பார்த்தே பேசினாள். "செஞ்ச வேலைய செய்யலன்னு எப்படி சேர் எழுதுறது?"

"அப்படி என்ன செஞ்சீங்க?"

"இலை எண்ணினேன்."

சாலி சேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இலை எண்ணினதுக்கெல்லாம் கட்டுரையில பேர் போட்டா, கம்பஸ் என்னத்துக்கு?"

அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குச் சுருக்கென்று பட்டது.

"மூணு வருசம் சேர். தினம் விடிய ஆறு மரத்துக்குக் கீழயும் சாக்கு விரிச்சு எண்ணினேன். மூத்தவள வயித்துல வச்சுக்கிட்டு, குனிய முடியாமக் குனிஞ்சு எண்ணினேன். மழைக்குத்தான் இலை கொட்டுதுன்னு மிஸ் நெனச்சாங்க. மழைக்கு இல்ல மிஸ், மழையே இல்லாம ரெண்டு நாள் மூட்டம் கட்டினாத்தான் கொட்டுதுன்னு நான்தான் சொன்னேன்."

சாலி சேர் பைலைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. கட்டுரையின் முடிவாக அதுதான் அச்சாகியிருந்தது.

"நீங்க மிஸ்ஸுக்கு எப்படி சேர் மார்க் போடுறீங்க?"

"எத்தனை கட்டுரை எழுதியிருக்காங்க, அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க, யார் யாரோட சேர்ந்து செஞ்சிருக்காங்க... எல்லாத்தையும் எண்ணித்தான்."

"அப்ப நீங்களும் எண்ணுற ஆளுதானா?"

மருதாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாலி சேரின் குரல் இறங்கியது. "தங்கச்சி, உங்கட கட்டுரையை இதுவரைக்கும் நாப்பத்தொரு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. தாய்லாந்து, மலேசியா, பிரேசில்... எங்க பாத்தாலும் 'ஹிமாயாவும் ஜீவராணியும்'னுதான் எழுதியிருக்கு. நல்ல விசயம்தான். ஆனா ரெண்டு பேர் எழுதினா மார்க் ரெண்டாப் பிரியும். நீங்க இருக்கிறதால மிஸ்ஸுக்குப் பாதிதான். நாலே நாலு மார்க் குறைஞ்சு ரெண்டு தடவை பதவி கைய விட்டுப் போச்சு."

"மிஸ்ஸுக்கு இது தெரியுமா?"

"தெரியாமலா? உங்க பேரைக் கீழ நன்றி சொல்ற எடத்துல போடுங்கன்னு நானே கெஞ்சினேன். பதவி போனாப் போகட்டும், அந்தப் பேர் இருந்த எடத்துலயே இருக்கட்டும்னுட்டாங்க. நான் இங்க வந்ததுகூட அவங்களுக்குத் தெரியாது."

மருதாயி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புடைக்கவில்லை.

ஜீவராணி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். 'ஜீ' எழுதினாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

"அந்த மத்தப் பாதி எங்க சேர்?"

"எந்தப் பாதி?"

"மிஸ்ஸுக்குப் பாதிய வெட்டிட்டீங்க. அந்தப் பாதி எனக்கும் வரலையே. நடுவுல யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல்ல... நீங்க கம்பஸ் ஆள் இல்லைதானே. அது சும்மா போயிரும்." சாலி சேர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "வெளிநாட்டு ஆளோட சேர்ந்து எழுதினா வெட்ட மாட்டாங்க. மேலால அஞ்சு மார்க்கும் குடுப்பாங்க. சட்டம் அப்படி."

"வெளிநாட்டு ஆளுன்னா அஞ்சா?"

ஜீவராணி எழுந்து உள்ளே போனாள். தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பழுத்த காகிதம் ஒன்றோடு வந்து, அதை அவர் பைலின் மேலேயே விரித்தாள்.

"இது எங்க மாமாவுக்கு, இந்த அத்தை வீட்டுக்காரருக்கு வந்தது. கந்தையான்னு பேரு. இந்த மலையிலயே பொறந்து, இந்த மலையிலயே பால் வெட்டி, இங்கயே செத்தவரு. பிரஜாவுரிமை கேட்டு எழுதினதுக்கு, நீ இந்த நாட்டு ஆள் இல்லைன்னு அரசாங்கம் அனுப்பின பதிலு."

சாலி சேர் அதை இரண்டு தடவை வாசித்தார். "இதெல்லாம் பழைய கதை தங்கச்சி. இப்ப எல்லாரும் இந்த நாட்டு ஆக்கள்தானே."

ஜீவராணி அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகத்தை நேரே பார்த்தாள்.

"அன்னைக்கு வெளிநாடுன்னு எழுதி எங்க மாமாவுக்கு வெட்டினீங்க. இன்னைக்கு உள்நாடுன்னு எழுதி எங்க மிஸ்ஸுக்கு வெட்டுறீங்க. ரெண்டுல ஏதாவது ஒண்ணுல நில்லுங்க சேர். நாங்க வெளிநாடுன்னா அந்த அஞ்சு மார்க்கை மிஸ்ஸுக்குப் போடுங்க. உள்நாடுன்னா, இந்த நாட்டு இலைய எண்ணினவ பேரை எடுக்கச் சொல்ல நீங்க யா..."

"ஜீவராணீ! புள்ள பாலுக்குக் கத்துது, ஓடியா!" என்று தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளைக்காம்பராவிலிருந்து ஆயம்மா கூப்பிட்டாள். ஜீவராணி பேனாவை அவர் பைலின் மேல் வைத்துவிட்டு ஓடினாள்; கையெழுத்து இடத்தில் 'ஜீ' மட்டும்தான் இருந்தது.