புகைக்குள் ஒரு பொம்மை

அக்கா தன் குறும்படத்துக்காக அட்டையில் கட்டிய செருப்புப் பெட்டி அளவு வீட்டுக்குள் மெஷின் புகையைக் கக்கியது.

"போதாது, இன்னும் கறுப்பா வரணும்," என்றார் ஆலோசனை சொல்ல வந்திருந்த, தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர்.

கேமராக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து மனுஷன் நொட்டை சொல்லிக்கொண்டே இருக்கிறார். அக்காவும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள்.

"பொம்மை ஜன்னல்ல நிக்கக் கூடாதும்மா. கட்டிலுக்கு அடியில வை."

"அங்கே வச்சா கேமராவுக்குத் தெரியாதே சார்!" என்றான் கேமராக்காரன்.

"அன்னைக்கு என் கண்ணுக்கும்தான் தெரியல. இருமல் சத்தம் கேட்டுத்தான் குனிஞ்சு பார்த்தேன்."

அக்கா குட்டிப் பொம்மையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

"நான் இருமினேனா ஐயா? அஞ்சு வயசு பாருங்க... புகையும், என்னைத் தூக்கின உங்க கையும் மட்டும்தான் ஞாபகம் இருக்கு."