மூக்குக்கு ஒரு விரல் முன்னால்

வெளியே நண்பகல்; அடித்தள வாகன நிறுத்தத்தில் குழல்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. "நிஜச் சண்டையில உன் கராத்தே எடுபடாது மச்சான், குத்துச்சண்டைதான் நிக்கும்" என்று அக்காவின் கணவன் சீண்டுகிறான். "நீங்க கையுறை மாட்டுறதுக்குள்ள என் ஒரு உதையில முடிஞ்சிரும் மாமா" என்கிறான் தம்பி. முன்னால் போகும் அக்கா சிரிக்கிறாள். தூணின் பின்னாலிருந்து வந்த ஒருவன் அவளை வளைத்துக் கழுத்தில் கத்தியை வைக்கிறான். மாமாவின் முஷ்டிகள் தாமாக எழுகின்றன. போட்டி மணி அடிக்கக் காத்திருப்பவன்போல் அவன் கால் நகரவில்லை. தம்பி பாய்ந்து குத்துகிறான். பயிற்சியில் யார்மீதும் படாமல் நிறுத்தியே பழகிய கை, கத்திக்காரனின் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிடுகிறது. "அவ்வளவுதானா?" என்கிறான் அவன். கத்தி அழுந்துகிறது. அக்காவின் உதடு மட்டும் அசைகிறது: "ரெண்டு பேரும் சும்மா இருங்க."