நீல ஓட்டை, கறுப்பு ஓட்டை

"நீலம் வேண்டாம். கறுப்பே போதும்" என்றார் வாட்ச் ரிப்பேர்காரர், நாலாவது தடவையாக.

கம்ப்யூட்டர் கடையின் விற்பனைப் பெண் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சார், இது சட்டைத் துணி இல்லை. வயர் செருகுற யு.எஸ்.பி. ஓட்டைக்குள்ள நீலமா இருந்தா புது ரகம், பறக்கும். வெறும் கறுப்புன்னா பழைய ரகம், நகரும். மேடம் கல்யாண ஃபோட்டோ எடுக்கிறவங்க. ஒரு கேமரா கார்டைக் காப்பி பண்ண கறுப்புல நாப்பது நிமிஷம், நீலத்துல நாலே நிமிஷம்!"

"நாலா!" அவர் மனைவி குதிக்காத குறை. ஒரு கல்யாணத்துக்கு ஆறு கார்டு. வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் காப்பி பண்ணவே நாலு மணி நேரம் போய்விடும். படம் தர லேட்டாகிறது என்று இந்த மாதம் மட்டும் இரண்டு பார்ட்டி கைநழுவிப் போயிருந்தது.

"வேகமா ஓடுறது சீக்கிரம் தேயும்மா. இருபது வருஷமா வாட்ச் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"இதுல தேயறதுக்குச் சக்கரமே கிடையாதே சார்."

"சரி, அவ்வளவு வேகத்துல போனா படம் கலங்கிடாதா? மாப்பிள்ளை மூக்கு போய்ப் பொண்ணு முகத்துல ஒட்டிக்கிட்டா யார் பொறுப்பு?"

விற்பனைப் பெண் அதற்குமேல் தாங்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்தில் பிரிண்டர் விலை கேட்டுக்கொண்டிருந்தவரும் சேர்ந்துகொண்டார்.

மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"என் தொழில், என் சம்பாத்தியம். நான் நாலு ஆர்டர் கூடப் பிடிச்சு முன்னுக்கு வந்தா உங்களுக்குப் பொறுக்கலை. அதானே?"

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு விற்பனைப் பெண்ணைப் பார்த்து, "நீலத்தையே கட்டிக் கொடும்மா" என்றார். பெட்டியை அவரேதான் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கல்யாணத்திலிருந்து வந்தவள் செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றாமல் ஓடிப்போய், நீல ஓட்டையில் மாட்டியிருந்த கார்டு ரீடரில் முதல் கார்டைச் செருகினாள்.

அவருக்குக் கைப்பழக்கம். டீக்குப் பாலை அடுப்பில் வைத்தார். கட்டிலில் கேரம் போர்டைப் போட்டு, பவுடர் தூவி, காய்களை அடுக்கினார். கார்டு காப்பியாகிற நேரத்தில் ஒரு டீ, ஒரு ஆட்டம். நடுவே, எந்தச் சித்தப்பா எப்படி ஆடினார், எந்த மாமி யாரை முறைத்தார் என்று அவள் நடித்துக் காட்டும் கல்யாண வீட்டுக் கதை. எத்தனையோ வருஷமாக அப்படித்தான்.

"முடிஞ்சிடுச்சு!" என்று உள்ளே கூச்சல். பால் இன்னும் பொங்கவேயில்லை.

"ரெண்டாவதும் முடிஞ்சிடுச்சு! என்னங்க, இது பேய் வேகம்!"

அவர் டீ போட்டு, ஆற்றி, எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஐந்து கார்டு ஆகிவிட்டது. அவள் ஸ்கிரீனில் மணப்பெண்ணின் முகத்துக்குக் கலர் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அடேங்கப்பா, நீலம் நீலம்தான்! நான்தான் சும்மா வம்பு பண்ணிட்டேன்" என்று பலமாகச் சிரித்தபடி டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

டொக். டொக்.

என்ன சத்தம் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். பவுடர் தூவிய போர்டின் நடுவில் சிவப்புக் காய் மட்டும் மிச்சம் இருந்தது.

தேய்மானம், மாப்பிள்ளை மூக்கு, எல்லாமே அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

ஆறாவது கார்டு கையில் இருந்தது. அவள் புதுப் பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மவுசுக்கும் கீபோர்டுக்கும் என்று அங்கேயும் இரண்டு கறுப்பு ஓட்டை வைத்திருந்தார்கள். மவுசைப் பிடுங்கிவிட்டு, கார்டு ரீடரின் வயரை அந்தக் கறுப்பு ஓட்டையில் செருகினாள்.

"ஏங்க! காயை அடுக்குங்க. இந்தக் கார்டுக்கு மட்டும் நாப்பது நிமிஷம் ஆகுமாம்!"