யார் தொண்டையில்

துர்கா மூக்கை உறிஞ்சினாள்.

உறிஞ்சியதைத் துப்பித் தொலைத்தாலும் பரவாயில்லை. கர்ரென்று தொண்டைக்கு இழுத்து, ஒரே மிடறாக விழுங்கினாள். அதே தறியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலையரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இவளுக்குச் சளிதான். சீர்வரிசையில் அதையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் போல.

தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்தது. துர்கா நூல் சுற்றிய புதுத் தாரை அதற்குள் போட்டாள். நாடாவின் ஓட்டையில் வாயை வைத்து, சுர்ரென்று உறிஞ்சி நூல் முனையை வெளியே எடுத்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் எல்லாரும் அப்படித்தான் எடுப்பார்கள். கலையரசியும்தான். ஆனால் இவள் எடுத்தால் நாடாவில் எச்சில் பளபளக்கும்.

உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவை அது. ஆளுக்கு ஒரு ஓரமாக இருந்து தள்ளினால்தான் வேலை ஓடும். ஈர நாடா வழுக்கிக்கொண்டு கலையரசியின் கைக்கு வந்தது.

முந்தானையில் துடைத்தாள். துடைத்த பிறகு முந்தானையைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. யாரோ ஒரு புண்ணியவதி இந்தப் பட்டுப் புடவையை மடி என்று பூஜைக்குக் கட்டப்போகிறாள். கட்டட்டும்.

இத்தனை நாள் சகித்துக்கொண்டுதான் இருந்தாள், மகள் திரிஷாவுக்கு முட்டி வீங்கும் வரைக்கும்.

ஓடி விளையாடுகிற பிள்ளை நடக்க முடியாமல் படுத்துவிட்டது. தொண்டைக் கிருமியின் வேலை என்றார் டாக்டர். இந்தத் தடவை முட்டியோடு விட்டது, மறுபடி வந்தால் இதய வால்வைக் கெடுத்துவிடும் என்றார். ஊசி போட ஆரம்பித்தார்கள்; வீக்கம் வடிந்து பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது. வீட்டில் யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க, பெரியவர்கள் எல்லாருடைய தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துக்கொண்டார்கள்.

சோதனை எதற்கு? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

கலையரசி துர்காவுக்குத் தனி டம்ளர் வைத்தாள். சித்தி கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளையைப் பிடுங்கித் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ரிசல்ட் வந்ததும் கொழுந்தனும் துர்காவும் ஓரிக்கைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்று நேற்றுப் புருஷனிடம் முடிவாகச் சொல்லியும் விட்டாள்.

துர்காவுக்கும் அது தெரியும். தெரியாதவள்போல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே நெய்தாள்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"கலையரசி நீதானேம்மா? கிருமி உன் தொண்டையில தான் இருக்குது. உனக்கு ஒண்ணும் பண்ணாது, கொழந்தைக்குத் தான் ஆபத்து. மத்தவங்களுக்கு இல்ல. அந்த மூக்கு ஒழுவுற பொண்ணுக்கு வெறும் தூசு அலர்ஜி. வந்து மாத்திரை வாங்கிக்கோ, அது முடியற வரைக்கும் கொழந்தைய கிட்ட சேர்க்காத."

வருஷத்துக்கு ஒரு தும்மல்கூடப் போடாதவள் கலையரசி.

ராத்திரியெல்லாம் பிள்ளையின் முகத்தோடு முகம் வைத்து மூச்சு விட்டிருக்கிறாள்.

வாயில் எச்சில் ஊறியது. அதை விழுங்க முடியவில்லை. துர்காவின் சளிக்கு வராத குமட்டல் தன் எச்சிலுக்கு வந்தது.

துர்கா நாடாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"யாருக்குக்கா இருக்குதாம்?"

எனக்கு என்று சொல்லத்தான் கலையரசி வாயைத் திறந்தாள். சொன்னால் அந்தத் தனி டம்ளர் யாருக்கு?

"உனக்குத் தான்."

துர்கா தலைப்பால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு, தறியை விட்டு எழுந்து சுவரோரமாகப் போய் நின்றாள்.

வாசலில் பள்ளிக்கூட ஆட்டோ வந்து நின்றது. திரிஷா பையைப் போட்டுவிட்டுச் சித்தியிடம் ஓடினாள்.

துர்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"என்கிட்ட வராத கண்ணு. அம்மாகிட்ட போ."

பிள்ளை கொஞ்சம் முழித்தது. பிறகு திரும்பி ஓடிவந்து கலையரசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னத்தை ஒட்டியது.

துர்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலையரசி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.